வடித்த தண்ணீர்

நுரை ஏறிக்கொண்டிருந்தது, வாயகன்ற அலுமினியச் சருவத்தின் விளிம்புவரை வெள்ளையாகத் திரண்டு, சின்னச்சின்னக் கண்களாகத் திறந்து மூடி, இதோ பொங்கி அடுப்பில் வழிந்துவிடும் என்று அவள் கரித்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறாள், அதுவரை தெரிகிறது, துணியின் ஓரத்தில் தீய்ந்துபோன ஓட்டை தெரிகிறது, நுரைக்கு அடியில் கிழங்குத் துண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்கிறது, அதற்கப்புறம் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள், நடுவில் எதுவுமில்லை. சுனிலா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள், மேல்தோலைச் சீவினேன், உள்ளே ரோஸ் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தோலையும் உரித்தேன், நடுநரம்பை இழுத்தெடுத்தேன், கழுவினேன், மூடி போடாமல் அடுப்பில் ஏற்றினேன், நுரை வந்தது, கரித்துணியை எடுத்தேன், பிறகு, பிறகு தேங்காய். பாயில் மகள் ஜெர்லின் தூங்குகிறாள், மத்தியானம் கிண்ணம் நிறையக் கிழங்கு தின்றுவிட்டுத் தூங்குகிறாள், மூக்கின் கீழ் விரலை வைத்தால் மூச்சு படுகிறது, எடுத்தால் இனி படாது என்று தோன்றுகிறது, அதனால் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, தெருமுனையில் ஆட்டோச் சத்தம் கேட்கிறதா என்று காதை வாசலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்சம் முன்னால்வரை இந்த வீட்டில் பயம் இல்லை, பாத்திரம் கழுவிய ஈரக் கையும் வானொலிப் பாட்டும்தான் இருந்தன, பாவாயி அக்கா சீமாறு கேட்டு வந்தாள், இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், வருவதும் போவதும் கேட்டுக்கொண்டா நடக்கிறது, வந்தவள் கதவின் பின்னால் ஆணியில் தொங்கிய கிழங்குத் தோல் பையைப் பார்த்து நின்றுவிட்டாள், உள்ளேயிருந்து ஒரு தோலை எடுத்து நகத்தால் கீறினாள், முகர்ந்தாள், இத எங்க கண்ணு வாங்குன என்றாள். வாங்கல்லக்கா, மில்லு லாரி வளைவுல திரும்பும்போ ரோட்டுல கொட்டிச்சு, ஒருத்தரும் எடுக்கல்ல, நான் துண்டுல கொஞ்சம் பெறக்கிட்டு வந்தேன், நல்ல மாவுக் கெழங்காக்கும், பஞ்சு கணக்கா வெந்துச்சு. சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அவளுடைய ஊரில், மார்த்தாண்டத்துக்கு மேற்கே, மரச்சீனிக் கிழங்கு ரோட்டில் கிடந்தால் யாராவது விட்டுவிட்டுப் போவார்களா, சைக்கிளில் போகிறவன்கூட இறங்கி வேட்டியில் கட்டிக்கொள்வான், இங்கே ஆத்தூர்ப் பக்கத்தில் ஆட்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள், அவள் குனிந்து பொறுக்கும்போது பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார், கீழே கிடப்பதை எடுக்க வெட்கப்படுகிற ஊர் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள், நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டைச் சேர்த்து எடுத்தாள்.

யாரும் எடுக்கலன்னா ஏன் எடுக்கலன்னு ஒரு வாய் கேக்கக் கூடாதா சாமி, என்றாள் பாவாயி, குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது, இது மில்லுக்குப் போற கசப்புக் கெழங்கு, அரைச்சு மாவெடுத்து ஜவ்வரிசி போடறது, இத ஊர்ல ஒருத்தரும் திங்கறதில்ல, ஆடு மேஞ்சாலே காலப் பரப்பிக்கிட்டு உழுந்துடும், நீ புள்ளைக்கா குடுத்த. சுனிலா பாயைப் பார்த்தாள். பாவாயியும் பார்த்தாள். சரி, தண்ணிய வடிச்சியா, கொதிக்க உட்டு மொதத் தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டீனா பாதி வெசம் அதோட போயிடும்பாங்க, வடிச்சியா கண்ணு. வடிச்சேன் என்று சொல்லத்தான் சுனிலா வாயைத் திறந்தாள், சொல் நாக்கு நுனிவரை வந்தது, அங்கே நுரையைப் பார்த்தாள், கரித்துணியைப் பார்த்தாள், அப்புறம் தேங்காயைப் பார்த்தாள். தெரியல்லக்கா. தெரியலைன்னா எப்படி, ஆக்குனது நீதான. நாந்தான், ஆனா தெரியல்ல. மொதல்ல அவருக்குப் போனப் போடு, ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போங்க, என்று பாவாயி சொன்னாள், போர்வெல் வண்டிகள் நிற்கும் ஷெட்டில் மெக்கானிக்காக இருக்கும் சுனிலாவின் கணவன் எட்வினுக்கு மூன்றாவது தடவை சொன்னபோதுதான் கேட்டது, பின்னால் என்ஜின் ஓடுகிற இரைச்சலில், என்ன பிள்ளே, கெழங்கா, கெழங்கு தின்னா என்னவாக்கும் ஆவும், நாமெல்லாம் கெழங்கு தின்னு வளந்தவங்கதானே என்று சிரித்தான், பிறகு அவள் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆட்டோ பிடிச்சிட்டு வாறேன், பிள்ளைய ஒறங்க விடாதே என்றான்.

ஒறங்க விடாதே என்று சொல்வது எளிது, அவள் எழுப்பினாள், தண்ணீர் தெளித்தாள், ஜெர்லின் ஒரு கண்ணைத் திறந்து அம்மையை உதைத்தாள், போ, ஒறங்கணும், என்று சிணுங்கி மறுபக்கம் புரண்டாள், தினமும் இந்த நேரத்தில் எழுப்பினால் இதேபோல்தான் உதைப்பாள், இதேபோல்தான் புரளுவாள், அப்படியானால் இது தினசரித் தூக்கம், ஆனால் தினமும் இவ்வளவு வேர்க்குமா, நேற்று வேர்த்ததா, நேற்று நான் பார்க்கவில்லையே, நேற்று பார்ப்பதற்கு என்ன இருந்தது. சுனிலாவுக்கே தலை லேசாகச் சுற்றியது, அவளும் இரண்டு வாய் தின்றிருந்தாள், மீதியைக் குழம்பு வைத்துவிட்டுத் தின்னலாம் என்று மூடிவைத்தாள், இந்தச் சுற்றல் அந்த இரண்டு வாயினாலா, பயத்தினாலா, பிள்ளை தின்றது முழுக் கிண்ணம், கசக்கும்மா என்று ஒரு தடவை சொன்னாளோ, சொன்னாள், சீரகம் கூடிப்போச்சு மக்களே என்று தானே சொல்லி இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பூ தூவிக் கொடுத்தாள், அது நன்றாக நினைவிருக்கிறது, வேண்டாதது எல்லாம் நினைவிருக்கிறது.

அம்மை கிழங்கு வடிக்கிறாள், மழைக்காலம், புறவாசலில் சருவத்தை மூடியோடு சேர்த்துப் பிடித்துச் சாய்க்கிறாள், ஆவி முகத்தில் அடிக்காமல் கழுத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, தென்னையின் மூட்டில் வெந்நீர் விழுகிறது, மண் பொரிந்து ஒரு வாசனை எழும்புகிறது, மொதல் வெள்ளத்தக் களஞ்சாச்சா, முதல் தண்ணீரைக் கொட்டியாயிற்றா என்று அம்மை கேட்கிறாள், அவள் வளர்ந்து அவளே அவிக்கத் தொடங்கிய பிறகும், ஒவ்வொரு தடவையும், அடுக்களைக்குள் நுழையும் முன்பே அந்தக் கேள்வி வரும், களஞ்சாச்சு எம்மா, என்று எரிச்சலோடு சொல்வாள், எத்தனை எரிச்சல், இன்று யாரும் கேட்கவில்லை, கேட்க ஆளிருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள், சொன்னது நினைவில் நின்றிருக்கும். கண்ணை மூடினால் அவளே சாய்க்கிறாள், மூடி நழுவாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள், வெள்ளைத் தண்ணீர் கட்டியாக இறங்குகிறது, நிம்மதியாக இருக்கிறது, ஆனால் எங்கே இறங்குகிறது என்று குனிந்து பார்த்தால் தென்னை மூடு, இந்த முற்றத்தில் தென்னை ஏது, இங்கே சிமெண்ட் தரையும் துணி காயும் கம்பியும்தான், அப்படியானால் இது இன்றைய கை இல்லை, அம்மையின் கை, அல்லது கல்யாணத்துக்கு முந்தைய தன் கை, எத்தனையோ நாள் வடித்த தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இன்றைய வடித்தலாக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது, அதை நம்பிப் பிள்ளையைத் தூங்கவிட முடியுமா.

தங்கச்சி பெனிட்டா, ஆமாம், அப்போது பெனிட்டாவின் ஃபோன் வந்தது, நுரைக்கும் தேங்காய்க்கும் நடுவில் அவள்தான் இருந்தாள், சுனிலா அவளையே கூப்பிட்டாள், காலையில நீ பேசும்போ நான் என்ன செய்துட்டிருந்தேன். எங்கிட்ட கேக்கியா, நீதானே செய்த. வெளையாடாதே, நான் தண்ணி வடிச்ச சத்தம் ஏதாவது உனக்குக் கேட்டுதா. சுனிலாக்கா, உனக்கு நல்லாத்தானே இருக்கு, அத்தான் மீசை எடுத்த கதையச் சொல்லிட்டிருந்தேன், நீ சிரிச்ச, நடுவுல சுடுது சுடுதுன்னு கத்தின, பெறவும் சிரிச்ச. எதுக்குச் சுடுதுன்னேன். அது எனக்கெப்படித் தெரியும், கெழங்கா அவிக்க, அங்க போயும் கெழங்க விடமாட்டியான்னு கேட்டேன், அதுக்கும் சிரிச்ச. சுனிலா ஃபோனை வைத்தாள், சுடுது என்றேன், வடிக்கும்போது மூடி சுட்டிருக்கும், ஓட்டைத் துணி, அதனால் சுட்டிருக்கும், கட்டைவிரலைப் பார்த்தாள், லேசாகச் சிவந்திருக்கிறது, ஆனால் துணியின் ஓட்டை வழியே சருவத்தை வெறுமனே இறக்கி வைத்தாலும் சுடும், பொங்காமல் தீயைத் தணிக்கப்போய் அடுப்பின் கம்பி பட்டாலும் சுடும், தீயைத் தணித்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே வற்றவிட்டிருந்தால், பேச்சு சுவாரஸ்யத்தில் அது வற்றி, கிழங்கு பஞ்சு போல வெந்து, எல்லாம் உள்ளேயே, எல்லாம் ஜெர்லினின் கிண்ணத்துக்குள்ளேயே.

கையை ஃபோனிலிருந்தும் மூக்கிலிருந்தும் எடுத்துவிட்டு எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனாள், கிழங்குத் தண்ணீர் போனால் வெள்ளையாக ஒரு கோடு காயும், மாவு ஒட்டும், குழாயடியில் விரலால் தடவினாள், சுத்தமாக இருந்தது, இந்தக் கழிவுக் குழாய் சுடுதண்ணீர் ஊற்றினால் இளகிவிடும் என்று வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து அவள் இதில் சூடாக எதுவும் ஊற்றுவதில்லை, சோற்றுக் கஞ்சியை முற்றத்துக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றுவாள், பாவாயியின் ஆட்டுக்கு, அதற்குப் பதிலாக என்று சொல்லாமலே காலையில் ஒரு தம்ளர் ஆட்டுப்பால் ஜெர்லினுக்கு வரும். முற்றத்துக்கு ஓடினாள், தொட்டியை மூடியிருந்த பலகையைத் தூக்கினாள், உள்ளே ஒன்றுமில்லை, அடியில் நேற்றைய ஈரம் மட்டும், பாவாயி பொழுது சாய்ந்துதான் தொட்டித் தண்ணீரை எடுப்பாள், தினமும் அப்படித்தான், இப்போது இன்னும் வெயில் சுவரில் இருக்கிறது, ஆகவே இன்று இதில் யாரும் ஒன்றும் ஊற்றவில்லை, தொட்டியில் இல்லை, குழாயில் இல்லை, தெருவரை போய்க் கொட்டியிருக்க மாட்டாள், அப்படியானால் அது எங்கே போயிருக்கும், போகவில்லை, அது அவ்வளவுதான். பலகையைத் திரும்ப வைக்கும்போது அது நழுவித் தரையில் விழுந்தது, அந்தச் சத்தத்துக்குக்கூட உள்ளே பிள்ளை அசையவில்லை.

லீமா அசையவில்லை, லீமா சின்ன வயதில் சுனிலாவின் வகுப்பு, பள்ளிக்கூடத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் புதிதாகக் குடிவந்த வீடு, மழை விடாத ஒரு வாரத்தில் யாரோ வேலியோரம் காட்டுப்பன்றிக்குப் பயந்து நட்ட கசப்புக் கிழங்கைத் தெரியாமல் பிடுங்கி அவித்துவிட்டார்கள், பிள்ளைகள் தின்றன, தின்றுவிட்டு உறங்கின, நல்லா ஒறங்குதே என்று அந்த அம்மா மேலே போர்வையை இழுத்துவிட்டு விறகு பொறுக்கப் போனாள், இதைத்தான் ஊர் திரும்பத் திரும்பச் சொன்னது, போர்வை இழுத்துவிட்டாளாம், கால் வெளியே தெரிந்ததாம், குளிருமே என்று அதையும் மூடினாளாம். சுனிலா உள்ளே வந்தாள், பாயில் ஜெர்லினின் மேல் பூப்போட்ட போர்வை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டிருக்கிறது, யார் இழுத்துவிட்டது, நான்தான், எப்போது, அதுவும் தெரியவில்லை, போர்வையை உருவி மூலையில் எறிந்தாள், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள், ஏறி இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குமா, இறங்குகிறது, அடுப்பில் இல்லாத சருவம் அறைக்குள் கொதிக்கிறது, நுரை சுவரோரமாக வருகிறது, பாயின் விளிம்பைத் தொடுகிறது, அவள் கரித்துணியோடு நிற்கிறாள், சாய், சாய்த்துவிடு, என்று அவளே அவளிடம் கெஞ்சுகிறாள், அந்த மற்றவள் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருக்கிறாள், திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாள். பிள்ளையை அள்ளி எடுத்தாள், இடுப்பில் போட்டுக்கொண்டாள், தலை தோளில் விழுந்தது, ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம், நடந்தே போகலாம், ஓடலாம், எதிரே வந்தால் ஏறிக்கொள்ளலாம் என்று செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கினாள்.

அப்போதுதான் பாவாயியின் சத்தம் கேட்டது, பின்கட்டிலிருந்து, ஏ செவல, ஏ செவல, எந்திரிடி, என்று ஒரு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. செவலை அவளுடைய ஆடு. அது கொட்டகையின் வாசலில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது, கால்கள் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன, கழுத்து பின்னால் வளைந்திருந்தது, இப்பத்தான் தவிடு கலக்கி வச்சேன், மடமடன்னு குடிச்சா, நின்னுக்கிட்டே இருந்தா, நின்னபடியே உழுந்துட்டா பாரு, என்று பாவாயி அதன் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தாள், உன் கெழங்குத் தோலத்தான் தின்னுபுட்டா போல. சுனிலாவுக்கு உடனே தெரிந்தது, தோல் இல்லை, தோல் ஆணியில் பையோடு அப்படியே தொங்குகிறது, சற்றுமுன் படியிறங்கும்போதுகூட அது தோளில் உரசியது. எதுலக்கா தவிடு கலக்கினீங்க, என்றாள். எதுல கலக்குவாங்க, தொட்டித் தண்ணிலதான், மத்தியானமே எடுத்தாந்து வச்சிட்டேன், சாயங்காலம் எங்கக்கா ஊட்டுக்குப் போவணும்னு, நல்லா வெள்ளையா கெட்டியா இருந்துச்சு, கஞ்சின்னு நெனச்சேன்.

வெள்ளையா, கெட்டியா. ஃபோன் தோளில் இருக்கிறது, கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது, ஆவிக்காக இல்லை, ஃபோனுக்காக, இரண்டு கையும் சருவத்தில், முற்றத்து வெயிலில் அவள் நிற்கிறாள், பலகையைக் காலால் தள்ளுகிறாள், மூடி சுடுகிறது, சுடுது சுடுது, அந்தப் பக்கம் பெனிட்டா சிரிக்கிறாள், தண்ணீர் இறங்குகிறது, கழுநீர்த் தொட்டிக்குள், முழுவதும், கடைசிச் சொட்டு வரைக்கும், சருவத்தை ஒரு குலுக்கு குலுக்கினாள், ஆமாம், குலுக்கினாள், கிழங்கு ஒருபக்கமாகச் சரிந்தது. சுனிலா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தினாள், பொத்திய விரல்களுக்குள்ளும் சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, ஆடு கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. பாவாயி தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஏண்டி சிரிக்கற, என்றாள், கண்ணு என்றும் சாமி என்றும் கூப்பிட்டவள் முதன்முதலாக அப்படிக் கேட்டாள். நாந்தாங்க்கா ஊத்தினேன், நான் வடிச்சிருக்கேன், வடிச்சு அதுல ஊத்திட்டேன், என் கெழங்கு வெள்ளம்தான், என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்த முடியவில்லை, ஏதோ பரிசு கிடைத்ததைச் சொல்லுகிறவள் மாதிரி. பாவாயி அவளையே பார்த்தாள், பிறகு அவள் தோளில் கிடந்த தலையைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள், பாவி, என்று மெதுவாகச் சொன்னாள், அது யாரை என்று சுனிலாவுக்கு விளங்கவில்லை, போயி வெல்லம் இருந்தா எடுத்தா, கரைச்சு ஊத்தலாம்.

வெல்லம் கரைத்துப் புகட்டியதில் பாதி தரையில் போனது, அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது, எட்வின் கிரீஸ் கையோடு குதித்து இறங்கி, பிள்ளை எங்கே, ஏன் இங்க நிக்க, ஏறு, என்றான். ஆட்டையும் தூக்குங்க, என்றாள் சுனிலா. உனக்குக் கிறுக்கா, பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும், ஆடாம் ஆடு. மாட்டாஸ்பத்திரி போற வழியிலதானே இருக்கு, தூக்குங்க. மொதல்ல புள்ளையப் பாருங்க, என்றாள் பாவாயி, ஆடு போனாப் போவுது, அவள் அப்படிச் சொல்லும்போதும் கை ஆட்டின் காதை விடவில்லை. ரெண்டும் வரட்டும்க்கா, நீங்க பிள்ளைய வச்சுக்கிடுங்க, ஒறங்க விடாதீங்க, நான் இதப் பிடிக்கேன், என்று சுனிலா பிள்ளையைப் பாவாயியின் கையில் திணித்தாள், வடித்துவிட்டேன் என்று தெரிந்த பிறகும் முழுதாகத் தெரியவில்லை, ஒரு தண்ணீர் போதுமா, இரண்டு தண்ணீர் வடித்திருக்க வேண்டுமா, டாக்டர் சொன்னால்தான் தெரியும், ஆனால் அந்தப் பயத்துக்கு இப்போது அடியில் ஒரு தரை இருந்தது, இந்த இன்னொரு பயத்துக்குத்தான் இல்லை. ஆட்டோக்காரர் சீட்டைப் பார்த்து முணுமுணுத்தார், எட்வின் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான், கை மட்டும் பின்னால் நீண்டு பிள்ளையின் காலைப் பிடித்திருந்தது.

வண்டி மேட்டில் ஏறித் தூக்கிப்போட்டதில் ஜெர்லின் விழித்துக்கொண்டாள், பாவாயியின் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தாள், உங்க ஊட்டுக்காப் போறோம் என்றாள், இங்கத்திப் பிள்ளைகளோடு விளையாடி ஊடு என்று சொல்லப் பழகியிருந்தாள், இல்ல சாமி, தூங்காத, அந்தா பாரு பனமரம், எண்ணு, என்றாள் பாவாயி, ஜெர்லின் எண்ணத் தொடங்கினாள், மூன்றுக்குப் பிறகு அவளுக்கு எப்போதும் ஏழு. எட்வின் திரும்பிப் பார்க்காமலே அந்தக் காலை ஒரு தடவை அழுத்தினான். சுனிலா அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவள் மடியில் செவலையின் தலை கிடந்தது, கண் திறந்திருந்தது, அதன் வாயோரத்தில் நுரை ஏறிக்கொண்டிருந்தது, வெள்ளையாகத் திரண்டு, சின்னச்சின்னக் கண்களாகத் திறந்து மூடி, அவள் முந்தானையால் வழித்து எடுத்தாள், வழித்த இடத்தில் மறுபடியும் வந்தது, மறுபடியும் வழித்தாள், இந்தத் தடவை எதையும் மறந்துவிடக் கூடாது என்பதுபோல ஒவ்வொரு தடவையும் கையைப் பார்த்துக்கொண்டே வழித்தாள், இளஞ்சூடாக இருந்தது, உள்ளிருந்து மூச்சு வந்து அதை அசைத்தது, அசைகிறவரை, அசைகிறவரை, என்று அவள் உதடு மட்டும் அசைய, ஏழுக்குப் பிறகு, எட்டு என்றாள் ஜெர்லின்.